சமையல் பாட்டுகளின் வரிசை

இல்லை அக்கா, மேலே வைக்க முடியாது. மடியிலேயே இருக்கட்டும். கண்டக்டரிடமும் இதைத்தான் சொன்னேன். லக்கேஜ் போடணும் என்றார். குழந்தையை மடியில் வைத்திருந்தால் லக்கேஜ் போடுவீர்களா என்று கேட்டேன். "குழந்தை அழும்மா, இது அழுமா"ன்னார். பஸ்ஸே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள், பார்த்தேன். பரவாயில்லை. ஆனால் கடைசியில் லக்கேஜ் போட்டாரா? போடவில்லை. பேச்சில் என்னை யாரும் அவ்வளவு சுலபமாகச் சாய்த்துவிட முடியாது. ஹாஸ்டலில் என்னோடு வாதம் பண்ண வருகிறவள் சாப்பிட்டுவிட்டுத்தான் வருவாள், பாதியில் பசித்துவிடும் என்று.

நீங்கள் தூத்துக்குடி வரைக்குமா? நல்லது. நான் அருப்புக்கோட்டையில் இறங்கிவிடுவேன். ஊருக்கு எதற்கு இப்படி ஒரு பெட்டியைக் கட்டித் தூக்கிக்கொண்டு போகிறாள் என்றுதானே பார்க்கிறீர்கள்? சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள், என் மேல் என்ன தப்பு என்று.

இது பழைய கம்ப்யூட்டர். எங்கள் தெருமுனையில் பிரவுசிங் சென்டரை மூடியபோது என் அண்ணன் வாங்கிப் போட்டது. மூர்த்தி என்று பெயர், கத்தாரில் ஏசி மெக்கானிக். போவதற்கு முன்னால் வீட்டில் கிடந்த கேசட், சிடி, பென் டிரைவ் எல்லாவற்றிலும் இருந்த பாட்டை இதில் ஏற்றினான். டிவி ஸ்டாண்டுக்குக் கீழே வைத்து, வீட்டு வைஃபையில் மாட்டி, அடுப்படியில் ஒரு சின்ன ஸ்பீக்கர். அம்மா தன் போனைத் தொட்டால் அடுப்படியில் பாட்டு வரும். சர்வர் என்பான் அவன். அம்மாவுக்கு அது பெட்டி. ஆயுத பூஜைக்கு இதற்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள் அக்கா, காற்றுப் போகிற ஓட்டை மேலேயே. நான் கத்தினேன். துடைத்துவிட்டு அந்தப் பக்கமாய் வைத்தாள்.

ஆளுக்கொரு பாட்டு வரிசை போட்டுக் கொடுத்திருந்தான். எனக்கு ஒன்று. அப்பா பேரில் ஒன்று, அப்பா இல்லை, அதை யாரும் போடுவதும் இல்லை. அம்மாவுக்கு 'சமையல்' என்று ஒன்று.

இப்போது நான் சொல்லப்போவதைக் கவனியுங்கள். அந்தப் பெட்டிக்குள் கத்தாரில் இருந்துகொண்டே அவன் நுழையலாம். பாட்டைச் சேர்க்கலாம், எடுக்கலாம். அதுமட்டுமில்லை, அடுப்படியில் இப்போது என்ன ஓடுகிறது என்று அங்கே அவன் திரையில் தெரியும். இதை அவனே பெருமையாக அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனான். "நீ என்ன பாட்டு கேட்டுட்டு வெங்காயம் உரிக்கிறேன்னு எனக்கு அங்க இருந்தே தெரியும்மா." அம்மா சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பெண் தன் வீட்டு அடுப்படியில் என்ன கேட்கிறாள் என்பதைக் கடல் தாண்டி ஒருத்தன் பார்த்துக்கொண்டிருப்பானாம், அதற்குப் பெயர் பாசமாம். கடவுச்சொல் அவனிடம், சாவி அவனிடம். அம்மாவிடம் என்ன? கரண்டி.

நான் சமூகவியல் எம்.ஏ. வீட்டில் பெண்கள் பேசுவதை யார் காது கொடுத்துக் கேட்கிறார்கள் என்பதுதான் என் ஆய்வே. ஊர் ஊராய்ப் போய் பெண்களிடம் பேசிப் பதிவு பண்ணிக்கொண்டிருக்கிறேன். என் வீட்டிலேயே இப்படி ஒன்று நடந்தால் சும்மா இருக்க முடியுமா, சொல்லுங்கள்.

இதற்கு நடுவில் அம்மாவுக்கும் அவனுக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது. அப்பா திதிக்கு அவன் வரவில்லை. லீவு தரமாட்டேன் என்கிறார்கள் என்றான். "பெத்த அப்பனுக்கு எள்ளும் தண்ணியும் இறைக்க வராதவன் எனக்கு எதுக்குப் போன் போடுறான்"னு அம்மா வைத்துவிட்டாள். அதோடு சரி. அவன் போன் வந்தால் எடுக்கமாட்டாள். நான் வீட்டில் இருந்தால் என்னிடம் நீட்டிவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவாள். சுப்புத்தாய் ஒரு வார்த்தை சொன்னால் சொன்னதுதான் என்று தெருவிலேயே பேர். வைராக்கியக்காரி. நான் அவளுக்குப் பிறந்தவள்தானே.

தீபாவளி லீவுக்குப் போனேன். மாடியில் துணி காயப்போடப் போனால் பாட்டு வராது, வைஃபை எட்டாது. கரண்ட் போனால் வராது. "இது என்னம்மா அடிமைத்தனம், பாட்டெல்லாத்தையும் உன் போனுக்குள்ளயே போட்டுத் தர்றேன், கிணத்தடிக்குக்கூடக் கொண்டு போ" என்றேன். அம்மா, "இருக்கட்டும்டி, அது பாட்டுக்கு ஓடிட்டு இருக்குல்ல" என்றாள். நான் விடவில்லை. உன் பாட்டு உன் கையில் இருக்கணுமா, அவன் கையில் இருக்கணுமா என்று கேட்டேன். பதில் இல்லை. பதில் இல்லாவிட்டால் என்ன அர்த்தம்? ஒத்துக்கொண்டாள் என்றுதானே? எந்த மேடையிலும் அதுதான் விதி.

வேலை சுலபமில்லை அக்கா. முதலில் 'சமையல்' வரிசையை அப்படியே போனுக்கு அனுப்பினேன். பெயர் பெயராய் வந்து நின்றது, தொட்டால் ஒன்றும் பாடவில்லை. வரிசையில் பாட்டு இருக்காதாம், பாட்டு பெட்டிக்குள் எந்த இடத்தில் இருக்கிறது என்கிற முகவரிதான் இருக்குமாம். பெட்டி இல்லாவிட்டால் வெறும் விலாசம். அப்புறம் ஒவ்வொரு பாட்டாய்த் தேடி எடுத்து மெமரி கார்டில் ஏற்றினேன். எல்லாம் வந்தது. வரிசை மட்டும் வரவில்லை. போன் தானாக இங்கிலீஷ் எழுத்துப்படி அடுக்கிக்கொண்டது. இதுவும் நல்லதுதான், தேட வசதி என்று விட்டுவிட்டேன்.

அம்மா வாங்கிப் பார்த்தாள். விரலால் கடைசி வரைக்கும் தள்ளிப் பார்த்தாள். "வரிசை மாறிருச்சேடி" என்றாள்.

அவ்வளவுதான் கேட்டாள். நான் எவ்வளவு பதில் சொன்னேன் தெரியுமா? வரிசை என்பது இன்னொருத்தர் போட்டது, இனி உனக்கு எது வேண்டுமோ அதை நீயே எடுத்துக் கேள், வரிசைக்குள் பெண்களை நிற்க வைத்ததுதான் வரலாறே, அது இது என்று. எல்லாம் நல்ல வரிகள். பிறகு ஒரு கட்டுரையில்கூடப் பயன்படுத்தினேன். கடைசியாக, "இனிமே பெட்டியே வேண்டாம்மா, எல்லாம் நேரா உன் கைக்கே வந்துரும்" என்றேன். அம்மா முகம் கொஞ்சம் தெளிந்தது. "நேரா வந்துருமா?" என்று திருப்பிக் கேட்டாள். வந்துரும் என்றேன்.

பெட்டியை நான் திருச்சிக்குக் கொண்டுவந்துவிட்டேன். சும்மா கிடக்கிற பொருள்தானே. என் லேப்டாப்பில் இடமில்லை, அத்தனை பெண்களின் பேச்சை எங்கே வைப்பது? இதில் இருந்த பாட்டு வரிசைகளையெல்லாம் அழித்துவிட்டு என் பதிவுகளை வைத்தேன். பாட்டு அப்படியே இருக்கிறது, வரிசைதான் போனது. இல்லை, பெட்டிக்காகத்தான் இதையெல்லாம் செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். கொள்கை முதலில். பெட்டி அப்புறம் தோன்றியது. கொஞ்சம் முன்னால் தோன்றியிருந்தால்தான் என்ன, அதனால் கொள்கை தப்பாகிவிடுமா?

அண்ணன் மெசேஜ் போட்டான், பெட்டி ஆஃப்ல இருக்கா என்று. விவரம் சொன்னேன். 'சரி' என்று ஒரு வார்த்தை போட்டான். ஒரு சண்டை இல்லை, ஒரு கேள்வி இல்லை. நான் ஒரு நீளமான பதில் தயாராக வைத்திருந்தேன், வீணாய்ப் போனது.

கார்த்திகை, மார்கழி போனது. பொங்கலுக்கு நான் போகவில்லை, ஆய்வு வேலை. மாசியில் பக்கத்து வீட்டு மல்லிகா மதினி போன் பண்ணினாள். "ஏ ரோகிணி, உங்கம்மாவுக்கு என்னடி ஆச்சு? விடிஞ்சா அந்த ரயில் பாட்ட ரெண்டு தடவ போடுது. தெனமும் அதே பாட்டு, தெனமும் ரெண்டே தடவ. எம்மகன் ஸ்டேஷன் வந்துருச்சுன்னு கேலி பண்றான். அதுக்கப்புறம் பாட்டே இல்ல, பேச்சும் இல்ல." பிடித்த பாட்டாக இருக்கும் மதினி, அவள் இஷ்டம், கேட்கட்டும் என்றேன். பாருங்கள், அப்போதும் அவளுக்காகத்தான் பேசினேன்.

அந்தப் பாட்டை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். பழைய பாட்டு, அப்பா கேசட்டில் இருந்தது. ரயிலடியில் நின்று ஒருத்தன் வீட்டு ஆட்களிடம் பாடுவான். யாரும் காத்திருக்க வேண்டாம், விளக்கை அணைத்துவிட்டுத் தூங்குங்கள், நான் வருகிற மாதிரி இல்லை என்று. சோகமான மெட்டு.

போன வாரம் ஊருக்குப் போனேன். காலையில் எழுந்து அடுப்படி வாசலில் நின்றேன். அம்மா இட்லித் தட்டை ஏற்றிவிட்டுக் கையை முந்தானையில் துடைத்தாள். போனை எடுத்தாள். விரலால் கீழே, கீழே, கீழே தள்ளிக்கொண்டே போனாள். கடைசியில் நிறுத்தி, கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள். தொட்டாள். ரயில் பாட்டு. முடிந்ததும் திரும்ப அதையே தொட்டாள். நின்றபடியே கேட்டாள், உட்காரவில்லை. அது முடிந்ததும் போனை அரிசி டப்பா மேல் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

ஏம்மா இதையே கேட்கிறாய் என்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"அவந்தானடி போடுறான். முன்னெல்லாம் ராத்திரி ஒரு பாட்டுச் சேப்பான், காலைல கடைசில நிக்கும். அம்மா சாப்பிட்டியான்னு கேக்குற மாதிரி ஒண்ணு, கோவம் போச்சான்னு கேக்குற மாதிரி ஒண்ணு. நான் ரெண்டு தடவ போட்டா அவனுக்கு அங்க தெரியும். பேசுனதில்ல, பாட்டுத்தான கேட்டேன். இப்ப தீபாவளியில இருந்து இதையே போடுறான். வரலன்னு சொல்றான். நானும் சரிடான்னு ரெண்டு தடவ போடுறேன். வேற என்ன செய்யச் சொல்ற?"

அக்கா, எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம்தான் புரிந்தது. பேசமாட்டேன் என்று சொன்ன சொல்லையும் விடாமல், மகனையும் விடாமல், அவர்கள் இரண்டு பேரும் அந்த வரிசையில் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். என்னிடம் எப்படிச் சொல்வாள்? சொன்னால் சுப்புத்தாய் இறங்கிவந்துவிட்டாள் என்று ஆகிவிடுமே. நேராக உன் கைக்கே வந்துவிடும் என்று நான் சொன்னதை, பெட்டி இல்லாமலே அவன் பாட்டு போனுக்கு வரும் என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள். இங்கிலீஷ் எழுத்தில் அந்த ரயில் பாட்டுதான் கடைசி. நாளைக்குப் பார்த்தாலும் அதுதான் கடைசி. அடுத்த வருஷம் பார்த்தாலும்.

அப்போதே சொல்லியிருக்கலாமே என்கிறீர்களா? சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். "போன்ல ஏதோ கோளாறு மாதிரி இருக்கும்மா, சரி பண்ணித் தர்றேன்" என்றுதான் வந்தது. நான் வாய் அடைத்துப்போய் நின்றதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஹாஸ்டலில் யாரும் நம்பமாட்டார்கள்.

மாடிக்குப் போய் அண்ணனைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன். பின்னாலே ஏதோ மிஷின் ஓடுகிற சத்தம். அப்புறம் சொன்னான், "அம்மா போதும்னு நிறுத்திருச்சுன்னு நெனச்சேன் பாப்பா. சித்திரைக்கு வரலாம்னுதான் இருந்தேன். வந்து யார் மூஞ்சியப் பாக்கன்னு, பொங்கல் கழிச்சு இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன்."

மாற்ற முடியாதா என்றேன். முடியாதாம். "சரி விடு"ன்னான். அவன் திட்டியிருக்கலாம். திட்டினால் நான் பதில் பேசியிருப்பேன். இந்த 'சரி விடு'வுக்கு என்ன பதில் இருக்கிறது?

இதில் அவன் தப்பு இல்லையா, சொல்லுங்கள். வாயைத் திறந்து கேட்க வேண்டியதுதானே. அம்மாதான் எடுக்கச் சொன்னாளா என்று ஒரு வார்த்தை.

கேட்டான்.

முன்னால் சொல்லும்போது அதை விட்டுவிட்டேன். 'சரி' என்று போடுவதற்கு முன்னால் ஒரு மெசேஜ் போட்டான். 'அம்மாதான் எடுக்கச் சொல்லுச்சா?' என்று. நான் 'ஆமா' என்று போட்டேன். அதற்கு மேலே, 'அம்மாவுக்கு இதெல்லாம் தொந்தரவா இருக்கு, இனி நிம்மதியா இருக்கும்' என்றும் போட்டேன். பொய் என்று அப்போது தெரியாது அக்கா. சத்தியமாக. அம்மா பேசமாட்டாள், அவளுக்காக நான் பேசுகிறேன் என்றுதான் நினைத்தேன். அவள் மனதில் இருப்பதைத்தானே சொல்கிறேன் என்று. அதற்குப் பிறகுதான் அவன் 'சரி' என்றான்.

நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். நான் கேட்டேன்தான், தப்பு என்ன என்று. இப்போது வேண்டாம்.

மேலூர் வந்துவிட்டதா? வெள்ளரிப்பிஞ்சு வாங்குங்கள், எனக்கு வேண்டாம்.

அன்றைக்கே கிளம்பி ஹாஸ்டலுக்கு வந்தேன். என் பதிவுகளையெல்லாம் எடுத்துத் தோழி ஒருத்தியின் கம்ப்யூட்டரில் போட்டேன். பெட்டியைக் கட்டினேன். திட்டம் இதுதான். வீட்டுக்குப் போகிறேன், பழையபடி டிவிக்குக் கீழே மாட்டுகிறேன். போன் கோளாறு, பெட்டி திருச்சியில் ரிப்பேருக்குப் போயிருந்தது, இப்போது சரியாகிவிட்டது, ரயில் பாட்டை அவன் போடவே இல்லை, அதுவும் கோளாறுதான் என்கிறேன். ராத்திரி அவன் ஒரு பாட்டுப் போடுவான், காலையில் அவள் பார்ப்பாள். யார் பேரும் இதில் வராது. அவனும் ஒத்துக்கொண்டான். "உன்னைய மாட்டிவிடமாட்டேன் பாப்பா"ன்னான். வேலை இரண்டு வருஷம் தள்ளிப்போனதையும் அவனே சொல்லிக்கொள்வானாம், கம்பெனியில் விடவில்லை என்று.

நல்ல திட்டம்தானே? யாருக்கும் நஷ்டமில்லை. விராலிமலை தாண்டும் வரைக்கும் எனக்கும் அப்படித்தான் இருந்தது. உங்களிடம் சொல்லிக்கொண்டு வரும்போதுதான் உறுத்துகிறது.

வரிசை. அதை நான் அழித்துவிட்டேனே. பழைய வரிசையைத் திரும்பப் போடாவிட்டால் அம்மா முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவாள். தீபாவளிக்கே கண்டுபிடித்தவள்தானே, கையில் கொடுத்த மாத்திரத்தில். அண்ணனிடம் அன்றைக்கே கேட்டிருந்தேன், ஞாபகம் இருக்கிறதா என்று, அப்போது இது பெரிதாகப் படவில்லை. "போட்டதெல்லாம் தெரியும் பாப்பா, எதுக்கப்புறம் எதுன்னு அம்மாவுக்குத்தான் தெரியும்" என்றான். அவன் ஒவ்வொரு ராத்திரியும் ஒரு பாட்டோடு மறந்துவிட்டான். அவள்தான் தினமும் முதலில் இருந்து கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாள், சோறு வடிக்கும்போது ஒன்று, தாளிக்கும்போது ஒன்று என்று. அந்த வரிசை இப்போது உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அவள் தலைக்குள்.

அவளைக் கேட்காமல் அதைப் போட முடியாது. கேட்டால், ஏன்டி கேட்கிறாய் என்பாள். ரிப்பேருக்குப் போன பெட்டியில் எல்லா பாட்டும் பத்திரமாய் இருக்க, வரிசை மட்டும் எப்படிப் போகும்? அவள் படிக்காதவள் இல்லை அக்கா. பேசாதவள், அவ்வளவுதான். இரண்டும் ஒன்று என்று நான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேனோ என்னவோ.

ஆனால் ஒன்று. கொள்கையளவில் நான் சொன்னது சரிதான், இல்லையா? ஒரு பெண்ணின் பாட்டு அவள் கையில்தானே இருக்க வேண்டும்? அதில் தப்பில்லையே? நீங்கள் ஜன்னல் பக்கம் பார்க்கிறீர்கள். சரி.

இந்த போன் மாட்டுத்தாவணியில் இருந்தே அடித்துக்கொண்டிருக்கிறது. அம்மாதான். எங்கே வருகிறாய் என்று கேட்கத்தான் இருக்கும், மத்தியானச் சாப்பாட்டுக்கு உலை வைக்கிற நேரம். எடுக்கவில்லை. எடுத்தால் என் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவாள்.

காரியாபட்டி தாண்டிவிட்டோமே. இன்னும் கொஞ்ச நேரம்தான்.

திரும்பவும் அடிக்கிறது பாருங்கள்.

அக்கா, இந்தப் பெட்டியைக் கொஞ்சம் உங்கள் மடியில் வைத்துக்கொள்கிறீர்களா? போனை எடுக்கணும். சாய்க்காமல் பிடியுங்கள். இப்படி.

ஹலோ. ஆமாம்மா, பஸ்லதான். காரியாபட்டி தாண்டிட்டேன். சாப்பிடலம்மா. ம். ம். இல்லம்மா, பெட்டி என்கிட்டதான் இருக்கு. அம்மா, ஒண்ணு கேக்கணும். உன் சமையல் பாட்டுல முதல்ல எது? பழைய வரிசையில. இல்லம்மா, பெட்டிக்கு ஒண்ணும் ஆகல. ரிப்பேர்லாம் இல்ல. அந்த ரயில் பாட்ட அண்ணன் போடலம்மா. ஒரு நாளும் போடல.

அம்மா?

குக்கர் சத்தம் மட்டும் கேட்கிறது.

ம், சொல்லும்மா.

"இருடி, அடுப்ப அணைச்சிட்டு வர்றேன்" என்கிறாள்.